என் தொப்பியில் ஒரு புளியங்கொட்டை

பாருங்க சார், நல்லாவே திரும்பிப் பாருங்க. ஏறினதுலேர்ந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வரீங்க, கழுத்து சுளுக்கிக்கப் போகுது. மீசை வரைஞ்சதுதான். கண்மை. அடியில இருக்கறது நெஜ மீசை, அது மேலயே வரைஞ்சு விட்டுட்டாங்க, துடைக்கத் துடைக்க இன்னும் ஈஷிக்குது. இடுப்புல வெறும் சிவப்புத் துணிதான், கத்தி கித்தி எதுவும் இல்ல, பயப்படாதீங்க. கால்சட்டை முழங்காலுக்குக் கீழ கிழிஞ்சு தொங்குதேன்னு பாக்கறீங்க. கிழியல, தச்சதே அப்படித்தான். கண்டக்டர் கேட்டான் பாருங்க, "எந்த நாடகக் கம்பெனி சார்?"னு. அம்பத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பேரு ஞானசேகரன். என் கையெழுத்து இல்லாம ஒரு போல்ட்டு, ஒரு நட்டு அந்த கேட்டத் தாண்டாது. அப்படிப்பட்டவன் ஞாயித்துக்கிழம காலையில இந்தக் கோலத்துல பஸ் ஏறி உக்காந்திருக்கேன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும் இல்ல?

சொல்றேன். சென்னை போற வரைக்கும் உங்களுக்கும் வேற வேல இல்ல.

லீவுக்கு எங்க போலாம்னு வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சுக் கேட்டேன் சார். கேக்காம எதையும் செய்யறவன் இல்ல நான். என் வீட்டுக்காரி பேரு பூங்கோதை, நான் கோதைன்னு கூப்பிடுவேன். அவ நெய்வேலிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போலாம்னா. பொண்ணு மிருதுளா, காலேஜ் மொத வருஷம், எங்கயும் வேணாம், வீட்லயே தூங்கறேன்னா. பையன் தர்ஷித், அஞ்சாவது, நீச்சல் குளம் இருக்கற எடமா பாருங்கப்பான்னான். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டு, நான் ஏற்கெனவே புக் பண்ணி வெச்சிருந்த டிக்கெட்ட எடுத்துக் காட்டினேன்.

பழந்துறைன்னு பேரு. நான் ஏறின ஸ்டாப்புலேர்ந்து உள்ள கொஞ்ச தூரம் போகணும். மியூசியம்தான், ஆனா கண்ணாடிப் பெட்டி, விளக்க அட்டை எல்லாம் கெடையாது. முந்நூறு வருஷத்துக்கு முந்தின துறைமுகத்த அப்படியே கட்டி வெச்சிருக்காங்க. உப்புக் கெடங்கு, சுங்கச் சாவடி, கயிறு முறுக்கற கொட்டகை, மணல் மேலயே ஒரு முழு மரக்கப்பல். வேல பாக்கறவங்க அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வேஷம் போட்டு, அந்தக் காலத்து ஆளுங்களாவே இருப்பாங்க. தலைகீழா நின்னாலும் வேஷத்த விட்டு வெளிய வர மாட்டாங்க. பாத்ரூம் எங்கப்பான்னு ஒருத்தன கேட்டேன். "அது எந்தத் தேசத்துச் சொல் அய்யா?"ங்கறான். அவசரத்துல நிக்கறேன் சார் நான்!

அங்க வருஷத்துக்கு ஒரு தடவ, கடற்கொள்ளையர் குடும்ப விழான்னு நடத்தறாங்க. சனி ஞாயிறு ரெண்டு நாள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கப்பல் கூட்டம். வேஷம் அவங்களே குடுத்துடறாங்க. நம்ம துணிமணி, செருப்பு, போன் எல்லாத்தையும் ஒரு மரப்பெட்டியில போட்டுப் பூட்டிடணும், சாவி கேப்டன் கழுத்துல. நான் மட்டும் போன இந்தச் சிவப்புத் துணிக்குள்ள சொருகிக்கிட்டேன். கம்பெனியில எதாவது அவசரம்னா? என்ன விட்டா அங்க யாருக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்?

வேன்ல வரும்போதே வேலையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டேன். நான் கேப்டன். மிருதுளாவுக்குக் கணக்கு வழக்கு. தர்ஷித்துக்குக் கொடி. கோதைக்குச் சமையல். "அம்மாவுக்கு வீட்லயும் சமையல், கப்பல்லயும் சமையலா?"ன்னு மிருதுளா முணுமுணுத்தா. கப்பல்ல பட்டினியா கெடக்க முடியுமா சார்? எதிர்த்துப் பேசணும்னே பேசறது, இந்த வயசுல எல்லாம் அப்படித்தான். நான் ஒரு பார்வ பாத்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

போய் எறங்கி, வேஷம் போட்டு, வரிசையா நிக்கறோம். ஒரு இருபத்தஞ்சு குடும்பம் இருக்கும். அங்க ஒருத்தர், ஒல்லியா, காதுல கடுக்கன், தண்டல்னு கூப்பிடறாங்க. கப்பல் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி. அவரு கப்பல் மேல ஏறி நின்னு சொல்றாரு: "ராஜா கப்பல்ல தலைவன ராஜா அனுப்புவாரு. வியாபாரி கப்பல்ல முதலாளி அனுப்புவாரு. கொள்ளக்காரன் கப்பல்ல மட்டும்தான் ஆளுங்களே கூடித் தலைவனப் பொறுக்குவாங்க. புடிக்கலைன்னா எறக்கியும் விடுவாங்க. உங்க கப்பலுக்குத் தலைவன் யாருன்னு நீங்களே தேர்ந்தெடுங்க." நெஜமாவே அப்படித்தான் இருந்துதாம் சார் அவங்க வழக்கம். திருட்டுப் பசங்களுக்கு இருந்த வசதியப் பாருங்க.

சரி, விளையாட்டுதானேன்னு நானும் நின்னேன். ஆளுக்கு ஒரு தொப்பி, வரிசையா பலகை மேல கவுத்து வெக்காம நிமித்தி வெச்சிருக்காங்க. முன்னாடி பாய்மரத் துணி கட்டி மறைச்சிருக்கு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒவ்வொருத்தரா உள்ள போய், யாரு கேப்டன் ஆகணுமோ அவங்க தொப்பியில போட்டுட்டு வரணும். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியாது. மொதல்ல நான் போனேன். அப்புறம் கோதை, மிருதுளா, தர்ஷித். பையன் உள்ள போனவன் வெளிய வரவே நேரம் ஆச்சு. யோசிச்சிருக்கான் போல, பாவம்.

தண்டல் ஒவ்வொரு தொப்பியா எடுத்து, எல்லாருக்கும் தெரியற மாதிரி கவுக்கறாரு. மிருதுளா தொப்பி, ஒண்ணுமில்ல. தர்ஷித் தொப்பி, ஒண்ணுமில்ல. என் தொப்பி. ஒண்ணே ஒண்ணு டொக்குனு விழுது. உருண்டு போய் மணல்ல. கோதை தொப்பிய கவுத்தாரு, மூணு.

மூணு சார்! நீங்களே கணக்குப் போடுங்க. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு. மூணாவது யாரு? அவளேதான். தனக்குத் தானே போட்டுக்கிட்டிருக்கா! ஒரு பொம்பளைக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேணாம்?

என்ன கேக்கறீங்க? என் தொப்பியில இருந்ததா? அது நான் போட்டது. அது வேற சார். ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு யாரு பேரு இருக்கு? நான் எனக்குப் போட்டுக்காம வேற யாருக்குப் போடுவேன்?

பக்கத்துல ஒரு குடும்பம், அந்த ஆளு வேளச்சேரியோ என்னவோ, அவரு பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அவரையே கேப்டன் ஆக்கித் தோள் மேல தூக்கி வெச்சுக்கிட்டாங்க. தூக்க முடியாம தொம்முனு போட்டாங்க, விழுந்து சிரிக்கறாங்க எல்லாரும். நான் இங்க ஒத்தப் புளியங்கொட்டைய மணல்ல பாத்துக்கிட்டு நிக்கறேன். காதெல்லாம் சூடாயிடுச்சு சார். இருபது வருஷமா ஓடி ஓடி உழைச்சுப் போட்டதுக்கு, ஒரு கொட்டை. அதுவும் நானே போட்டது.

கோதைக்கே ஒண்ணும் புரியல. தொப்பியத் தலையில வெச்சு விட்டாங்க, இறகு வெச்ச பெரிய தொப்பி, சாவியக் கழுத்துல மாட்டி விட்டாங்க, அவ என் மூஞ்சியப் பாக்கறா. நான் பெருந்தன்மையாதான் சொன்னேன், "நடத்து, நடத்து, விளையாட்டுதானே." அப்புறம் பாருங்க, அவ பண்ணின மொத காரியம் என்ன தெரியுமா? உத்தரவு போடல. ஒவ்வொருத்தரையா கேக்கறா, "உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?"ன்னு. அப்படிக் கேட்டா எந்தக் கப்பல் சார் ஓடும்? மிருதுளா பாய்மரத்து மேல ஏறி ஒக்காந்து தூரத்துல வர கப்பலப் பாக்கணும்னா. சரின்னுட்டா. தர்ஷித் தமுக்கு அடிக்கணும்னான். சரி. என்கிட்ட வந்து, "உங்களுக்குங்க?"ன்னா. "எதுவா இருந்தா என்ன"ன்னேன். "அப்ப வாங்க, வெங்காயம் உரிக்கலாம், நானும் கூட உரிக்கறேன்"னா.

உரிச்சேன் சார். எல்லாக் கப்பலுக்கும் சேத்துச் சாப்பாட்டுக்கு வெங்காயம், ஒரு கூடை. பக்கத்துக் கப்பல்காரர் போறவரு, "என்ன சார், மேலிடத்து உத்தரவா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. கண்ணுல தண்ணி. வெங்காயம்தான். கோதை பக்கத்துல ஒக்காந்து என்னமோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு உரிக்கறா. வீட்ல அவ பாடி நான் கேட்டது கெடையாது. பாடுவாளான்னே தெரியாது எனக்கு.

மத்தியானம் கொள்ளை. எல்லாக் கப்பலும் சேந்து உப்புக் கெடங்கத் தாக்கணும். உள்ள அவங்க ஆளுங்க காவல் காக்கறாங்க, கயிறு, பஞ்சு மூட்டை எல்லாம் வெச்சுக்கிட்டு. அவங்களத் தாண்டிப் பெட்டகத்தத் தூக்கிட்டு வரணும். கேப்டன்கள் எல்லாம் முன்னாடி நிக்கறாங்க. பூரா ஆம்பளைங்க, இவ ஒருத்திதான் பொம்பள. இவளால நம்ம மானம் போகப் போகுதுன்னு நெனைச்சேன். தமுக்கு அடிச்சதும் ஒரு குரல் கேட்டுது சார், "பாயுங்கடா!"ன்னு. தொண்ட கிழியற மாதிரி. நான் சுத்தி முத்தியும் பாக்கறேன், யாரு இவ்ளோ சத்தமான்னு. என் பொண்டாட்டி! அவங்க குடுத்த வேஷப் பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடறா. பின்னாடியே மிருதுளா, பின்னாடியே தர்ஷித். பஞ்சு மூட்டை மேல ஏறிக் குதிச்சு, பெட்டகத்த மொதல்ல தொட்டது எங்க கப்பல்தான். உள்ள கடலை மிட்டாய். மூணு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தரையில உருள்றாங்க. ரோட்ல போறவங்க பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு ஒரு கவலை கெடையாது. ரோடு அங்க இல்லதான், இருந்தாலும்.

நான் எங்க இருந்தேன்னு கேக்கறீங்களா? பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். அந்தக் காலணியில ஓட முடியல.

இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கிட்டேன் சார். சாயங்காலம் நடந்தத சொல்றேன், நீங்களே சொல்லுங்க யாரு மேல தப்புன்னு.

வெளக்கு வெக்கற நேரம், கப்பல் மேல சபை கூடுது. இதுவும் கொள்ளைக்காரங்க வழக்கமாம். ஒவ்வொரு கூட்டமா மேடையில வந்து நிக்கணும். கூட்டத்துல இருக்கறவங்க மனசுல இருக்கற கொறையச் சபையில சொல்லலாம். கேப்டன் கேட்டுக்கணும். இங்க சொன்னதுக்காக யாரும் யாரையும் அப்புறம் தண்டிக்கக் கூடாது, அதுதான் சத்தியம். தண்டல் எல்லாரையும் கயித்தத் தொட்டுச் சத்தியம் பண்ண வெச்சாரு. நானும் தொட்டேன்.

மத்தவங்கள்லாம் ஒழுங்கா சொன்னாங்க. வேளச்சேரிக்காரர் பொண்ணு, "எங்க கேப்டன் குறட்டை விட்டா கப்பலே ஆடுது"ன்னுச்சு. ஒரு பையன், "எங்க கேப்டன் அம்மாவுக்குத் தெரியாம மிட்டாய் திங்கறாரு"ன்னான். சிரிப்பு, கைதட்டல். அப்புறம் நாங்க ஏறினோம். தர்ஷித் முன்னாடி வந்தான். மேடைன்னா அவனுக்கு பயம், ஸ்கூல்ல ரெண்டு வரி திருக்குறள் சொல்லச் சொன்னாலே அழுவான். அவன் கணீர்னு சொல்றான்:

"இப்ப இருக்கற கேப்டன்கிட்ட கொறை எதுவும் இல்ல. பழைய கேப்டன்கிட்டதான். அவரு வண்டி சத்தம் கேட்டா நாங்க டிவிய ஆஃப் பண்ணிடுவோம். ஆனா அவரு வந்து டிவி மேல கை வெச்சுப் பாப்பாரு, சூடா இருக்கான்னு. அதனால அக்கா ஈரத்துணி போட்டுத் தொடைப்பா, நான் விசிறுவேன், அம்மா கேட்டுகிட்ட போய் அவர நிறுத்தி வெச்சு எதாவது பேசுவாங்க."

ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது சார். ஆமா, நான் தொட்டுப் பாப்பேன்தான். ஸ்டோர்ஸ்ல இருந்தா அப்படித்தான், எதையும் வாய் வார்த்தைய நம்பக் கூடாது. ஆனா ஈரத்துணி எனக்குத் தெரியாது. எத்தன வருஷமா நடக்குதோ. கேட்டுகிட்ட வந்து நின்னு, "என்னங்க, வெயில் ஜாஸ்தியா?"ன்னு கேப்பா. எம்மேல அக்கறைன்னு நெனைச்சிருந்தேன் சார் நான். ஆபீஸ்லகூட சொல்லியிருக்கேன், எங்க வீட்ல கேட்டு வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போவான்னு.

அடுத்தது மிருதுளா. "எனக்குக் கொறையே இல்ல"ன்னா. "இந்தக் கப்பல் நாளைக்குக் கரைக்குத் திரும்பாம இருந்தா போதும்."

எல்லாரும் 'ஓ'ன்னு தட்டறாங்க. நான் கோதையப் பாக்கறேன். அதட்டுவான்னு பாக்கறேன். அவ சிரிச்சுக்கிட்டிருக்கா சார். டிவி சமாச்சாரத்துக்குச் சிரிச்சவ, இன்னும் நிறுத்த முடியாம, வாயப் பொத்திக்கிட்டு, தோளெல்லாம் குலுங்கச் சிரிக்கறா. என் முன்னாடி. நூறு பேர் முன்னாடி.

நேரா அவகிட்ட போய், "போதும் கோதை. கழட்டு"ன்னேன். வீட்ல பேசற குரல்லதான் பேசினேன், சத்தமெல்லாம் போடல. அவ கழட்டறதுக்குள்ள நானே அந்தத் தொப்பியப் புடிச்சு இழுத்தேன். கொண்ட ஊசி மாட்டிக்கிச்சு போல, முடியும் சேந்து வந்துது, அவிழ்ந்து மூஞ்சியில விழுந்துது.

அப்ப அவ கைய இப்படித் தூக்கினா சார். கன்னத்துகிட்ட. இப்படி.

நான் அடிக்கறவன் இல்ல. அத மொதல்ல சொல்லிடறேன். ஓங்குவேன். ஓங்கறது வேற, அடிக்கறது வேற. ஒரு தடவ, ரெண்டு தடவ பட்டிருக்கும். யாரு வீட்ல இல்ல?

ஜனத்துக்கு என்ன தோணிடுச்சு தெரியுமா? இதெல்லாம் விளையாட்டுன்னு தோணிடுச்சு. "கலகம்! கலகம்!"னு எந்திரிச்சு நின்னு கத்தறாங்க. தமுக்கு அடிக்கறான் ஒருத்தன். விசிலடிக்கறான் இன்னொருத்தன். வேளச்சேரிக்காரர், "சார், சூப்பர் சார், வில்லன் மாதிரியே இருக்கீங்க!"ங்கறாரு. ஒரு அம்மா பின்னாலேர்ந்து சொல்றாங்க, "அந்தக் கைய தூக்கினாங்க பாரு, என்னா தத்ரூபமா நடிக்கறாங்க!" நூறு பேர் தட்டறாங்க சார். நாங்க நாலு பேர் மட்டும் தட்டாம நிக்கறோம். எங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பூமி பொளந்து உள்ள போயிடக் கூடாதான்னு இருந்துது. கையில தொப்பி, அதுல அவ முடி ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டிருக்கு. வெக்கவும் முடியல, குடுக்கவும் முடியல.

அந்தத் தண்டலும் தட்டல. என்னயும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. வேஷத்த விட்டு வெளிய வந்துடுவாரோன்னு நெனைச்சேன். வரல. மெதுவா கேட்டாரு, "தலைவி அம்மா, இந்தக் கலகத்துக்கு நீங்க என்ன சொல்றீங்க?" அவ முடிய ஒதுக்கிக்கிட்டா. நிமிர்ந்தா. நல்லா சிரிச்ச மொகமா வெச்சுக்கிட்டு, நாடகத்துல பேசற மாதிரி சொல்றா, "எங்க கப்பல்ல இதெல்லாம் சகஜம் தண்டல். சபையே முடிவு பண்ணட்டும்." அதுக்கும் தட்டறாங்க.

கலகம் வந்தா மறுபடி ஓட்டுப் போடணுமாம். இந்தத் தடவ மறைவா இல்ல. நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். யாரு கேப்டனா வேணுமோ அவங்க பின்னாடி போய் நிக்கணும். தண்டல் கைய தட்டினாரு.

பிள்ளைங்க ரெண்டு பேரும் அவ பக்கத்துல போய் நின்னாங்க. ஓடிப் போய் நின்னாங்க சார், யோசிக்கவே இல்ல. நான் மட்டும் இந்தப் பக்கம். சபையே "அய்யோ பாவம்"னு சிரிக்குது. அப்ப அவ, கோதை, அங்கேர்ந்து நடந்து வந்தா. பலகை கிறீச் கிறீச்சுனு சத்தம் போடுது, நடந்து வந்து என் பின்னாடி நின்னுட்டா. "கேப்டனே கட்சி மாறிட்டாங்கப்பா!"ன்னு ஒரே ஆரவாரம்.

விட்டுக் குடுக்க மாட்டா என்னைய. அதுதான் பொண்டாட்டி. அப்படித்தான் நான் நெனைச்சேன். நெனைச்சுட்டு எதிர்ப்பக்கம் பாத்தேன். அவ இருந்த எடம் காலியா இருக்கு. மிருதுளாவும் தர்ஷித்தும் அந்தக் காலி எடத்துக்கு ரெண்டு பக்கமும் அப்படியே நிக்கறாங்க. அசையல. தர்ஷித் அழுதுடுவான் போல இருக்கு, ஆனா அசையல. அம்மா இந்தப் பக்கம் வந்தாச்சு, ஒரு அடி எடுத்து வெச்சா முடிஞ்சுது. வெக்கல சார்.

"சரிசமம்"னாரு தண்டல். "சரிசமம்னா பழைய தலைவிதான் தொடரணும். அய்யா, தொப்பியத் திருப்பிக் குடுத்துடுங்க." குடுத்தேன். அவ வாங்கி அக்குள்ல இடுக்கிக்கிட்டா. அதுக்கப்புறம் அவ அத தலையில வெக்கவே இல்ல. சாப்பிடும்போதுகூட மடியில வெச்சிருந்தா. குழம்பு நல்லா இருந்துதுன்னு நான்தான் சொன்னேன். அவ, "வெங்காயம் நீங்க உரிச்சதுதானே"ன்னா. அவ்ளோதான் பேச்சு.

காலையில எல்லாரும் தூங்கறப்பவே எந்திரிச்சேன். துணி மாத்திக்கிட்டுக் கெளம்பலாம்னா, பெட்டி சாவி கேப்டன் கழுத்துல. எழுப்பி, சாவி குடுன்னு கேக்கணும். நான் கேக்கணும், அவகிட்ட, சாவி! இப்படியே கெளம்பிட்டேன்.

கோவத்துல கெளம்பலன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு நிச்சயமா தெரியும் எனக்கு. எந்திரிச்சுப் பாப்பாங்க, அப்பா இல்லைன்னதும் பதறியடிச்சுட்டு ஓடி வருவாங்க. ஸ்டாப்புல நின்னேன். பஸ் வந்துது, விட்டேன். இன்னொண்ணு வந்துது, அதுவும் காலியாதான் வந்துது, விட்டேன். மீன்கூடை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா, "நாடகம் முடிஞ்சுதா தம்பி?"ன்னு கேட்டாங்க. மூணாவது பஸ்தான் இது, நான் ஏறினத நீங்க பாத்தீங்க. அப்பகூடப் படியில நின்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் கத்தினானே, ஞாபகம் இருக்கா?

யாரு மேல தப்பு, சொல்லுங்க. சும்மா சொல்லுங்க சார். இப்படி ஜன்னலப் பாத்தா என்ன அர்த்தம்?

இருங்க. போன். அவதான்! பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல? பெட்டியத் தொறந்து போன எடுத்திருக்கா. கூப்பிடாம இருக்க முடியுமா அவளால? கொஞ்சம் அடிக்கட்டும். உடனே எடுத்தா எளக்காரமாப் போயிடும்.

ம். சொல்லு... பஸ்ல... ஆமா, அப்படியேதான். அதனால என்ன, எனக்கு எந்த வெக்கமும் இல்ல... ம்... இல்ல, சாப்பிடல... ம்... சரி... சரி... இரு, இப்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கி அந்தப் பக்கம் நின்னா திரும்பி வர பஸ் இருக்கு, நீங்க மூணு பேரும் சொன்னா நான்... ஓ. சரி. சாயங்காலமா? வேன்லயா? சரி... வீட்டு சாவிதான் என்கிட்ட இல்லயே... பக்கத்து வீட்லயா, சரி. மாவா? எந்தத் தட்டுல?... ரெண்டாவது தட்டு. சரி. பாத்துக்கறேன். வெச்சுடு.

இட்லி மாவு ஃப்ரிட்ஜுல இருக்காம். ரெண்டாவது தட்டுல. சாயங்காலம் அவங்களே வந்துடுவாங்களாம்.

வான்னு சொல்லல சார். நானா எடுத்துக் குடுத்தேன், கேட்டீங்க இல்ல? வான்னு சொல்லல.

அவ கூப்பிட்டப்போ பின்னாடி ஒரே சத்தம், என்னமோ நடந்துக்கிட்டிருந்தது, ஓடறாங்க, கத்தறாங்க. நான் "ம், சொல்லு"ன்னேன் பாருங்க. அவ "அப்பா, அப்பா"ன்னு அங்க பிள்ளைங்ககிட்ட சொன்னா. பட்டுனு நின்னுடுச்சு. சுவிட்ச அணைச்ச மாதிரி. எங்க வீடு ரொம்ப அமைதியான வீடு சார். நான் உள்ள நொழைஞ்சா ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும். ஒழுக்கமா வளந்த பிள்ளைங்கன்னு நான் பெருமையா...

சார்.

அவ கட் பண்ணல. மறந்துட்டா. அங்கயே எங்கயோ வெச்சுட்டுப் போயிட்டா போல. ஓடிக்கிட்டிருக்கு பாருங்க, நொடி நொடியா.

ஒண்ணும் கேக்கல. காத்துதான். இருங்க... யாரோ எதோ சொல்றாங்க. மிருதுளா குரல். "போயிட்டாரா?"ங்கறா. வெச்சாச்சுங்கறா இவ.

ஆரம்பிச்சுடுச்சு சார். திரும்ப ஆரம்பிச்சுடுச்சு. இந்தாங்க, நீங்க கேளுங்க, இப்படிக் காதுல வெச்சு... அந்தத் தமுக்கு தர்ஷித். அந்தக் கீச்சுக் குரல் மிருதுளா, அவ சின்னப் புள்ளையா இருக்கறப்போ அப்படித்தான் கத்துவா, இப்ப கத்தறதே இல்லன்னு நெனைச்சேன். அது யாருன்னு தெரியுதா, எல்லாருக்கும் மேல சிரிக்கறது? அது கோதை. நேத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இப்ப பொத்தல. இருபது வருஷத்துல இந்தச் சத்தத்த நான் கேட்டதில்ல சார். சத்தியமா கேட்டதில்ல.

குடுங்க. போன என்கிட்ட குடுங்க. இல்ல, கட் பண்ணாதீங்க. சென்னை வர வரைக்கும் சார்ஜ் இருக்கும்.

கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க.